பதினாறுக்கு அப்பால் கேட்கும் குரல்

அறிவியல் கேள்வி – பதில்

சென்ற இதழில் வாசகர் ஒருவருக்குப் பதில் எழுதியபோது, நம் நாட்டில் மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு 1602 கிலோ ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மறுப்பும் ஐயமும் சொந்த அனுபவமுமாக மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் இத்தனை கடிதங்கள் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. பண்பலை வந்து இவ்வளவு காலமான பிறகும், பரணில் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சி தருகிறது. ஆகவே இந்த இதழில் அந்த விளிம்பைப் பற்றிய கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*ஐயா, என்னிடமுள்ள பழைய டிரான்சிஸ்டர் வானொலியில் முள்ளைப் பதினாறு (1600 கிலோ ஹெர்ட்ஸ்) என்ற எண்ணையும் தாண்டித் தள்ளினால், கடைசி விளிம்பில் மதுரை வானொலியின் நிகழ்ச்சி மெலிதாகவும் கரகரப்பாகவும் கேட்கிறது. அதே பெட்டியை உசிலம்பட்டியில் மகள் வீட்டிற்கு எடுத்துச் சென்றபோது, மதுரை வானொலி அதற்குரிய இடத்தில் நன்றாகவே கேட்டது. விளிம்பில் மட்டும் ஒன்றும் இல்லை. நிலையத்தார் வழக்கமான எல்லைக்கு வெளியே இன்னோர் ஒலிபரப்பும் நடத்துகிறார்களா?*
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், செல்லூர், மதுரை

நடத்தவில்லை. மத்திய அலையில் மதுரை வானொலிக்கு உரியது 1269 கிலோ ஹெர்ட்ஸ் என்ற ஒரே இடந்தான். விளிம்பில் நீங்கள் கேட்டது உங்கள் பெட்டிக்குள்ளேயே உருவான அதன் நிழல். உசிலம்பட்டிச் செய்தியையும் சேர்த்து எழுதியதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. கடிதத்தின் முதல் பாதி மட்டும் வந்திருந்தால் நானும் திணறியிருப்பேன்.

பெட்டியின் பின்மூடியைத் திறந்து பார்த்தால், தகர உறை போட்ட சிறு சதுரச் சுருள்கள் நான்கு இருக்கும். அவற்றின் தலையில் பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று வண்ணம் பூசியிருப்பார்கள். சிவப்பு, பெட்டியின் சொந்த அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் காயில். மற்ற மூன்றும் மெக்கானிக்குகள் ஐ.எஃப்.டி. என்று சொல்பவை. இந்த மூன்றும் 455 கிலோ ஹெர்ட்ஸ் என்ற ஓர் அதிர்வெண்ணை மட்டுமே உள்ளே விடும் வாயிற்காவலர்கள். வானொலிப் பெட்டி எந்த நிலையத்தையும் வந்தபடியே பெருக்கிக் கேட்பதில்லை. முள் நிற்கும் எண்ணைவிட 455 கூடுதலான ஓர் அலையைத் தானே உண்டாக்கி, வெளியிலிருந்து வரும் அலையோடு கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தக் காவலர்களிடம் அனுப்புகிறது. முள் 1269-இல் நின்றால் பெட்டியின் சொந்த அலை 1724. வித்தியாசம் 455. கதவு திறக்கிறது, நிலையம் கேட்கிறது.

இப்போது முள்ளை 1628 வரை தள்ளுங்கள். பெட்டியின் சொந்த அலை 2083 ஆகிவிடும். ஊருக்குள்ளேயே இருக்கும் நிலையத்தின் அலை மிக வலுவாக வருவதால், முதல் டிரான்சிஸ்டர் அதைத் தாங்கமாட்டாமல் உருக்குலைத்து, அதன் இரட்டிப்பான 2538-ஐயும் உண்டாக்கிவிடுகிறது. 2538-இலிருந்து 2083-ஐக் கழித்துப் பாருங்கள்: அதே 455. காவலர்களுக்கு எண்தான் தெரியும், ஆள் தெரியாது. கதவு மறுபடியும் திறந்துவிடுகிறது. உங்கள் முள் 1628 என்று துல்லியமாகக் காட்டாது. பதினாறுக்குக் கொஞ்சம் அப்பால் என்று நீங்கள் எழுதியதே போதும்.

உசிலம்பட்டியில் நிழல் மறைந்ததற்கும் காரணம் இதுவே. இப்படி இரட்டித்துப் பிறக்கும் நிழல், மூல அலையின் வலு பாதியானால் தான் கால்பங்காகிவிடும். மூல அலை பத்தில் ஒரு பங்கானால் நிழல் நூற்றில் ஒரு பங்கு. ஊரைவிட்டு நாற்பது கிலோமீட்டர் விலகியதும் நிலையம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிழல் மட்டும் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. வெளியில் உண்மையாகவே ஓர் ஒலிபரப்பு இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே தேய்ந்திருக்கும்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பெட்டிக்குள் கறுப்பு நிறத்தில் கோலாக இருக்கும் ஃபெரைட் ராடுதான் மத்திய அலைக்கு ஏரியல். பெட்டியை மெல்லச் சுழற்றினால், ஒரு திசையில் நிலையத்தின் ஒலி குறைந்து ஏறக்குறைய அற்றுப்போகும். நிழல் அதைவிட வேகமாக, அதே திசையை நெருங்கும்போதே செத்துவிடும். அக்கம்பக்கத்தில் வேறோர் ஆளின் பெட்டியை வாங்கிக் கேட்பது இன்னும் நல்லது. எல்லாப் பெட்டிகளிலும் அதே இடத்தில் அதே வலுவோடு கேட்பது வெளியிலிருந்து வருவது. பெட்டிக்குப் பெட்டி இடம் மாறுவதும், ஒன்றில் கேட்டு மற்றொன்றில் கேட்காமல் இருப்பதும் உள்ளே பிறந்தது.

எண்களில் விளையாடுவது உங்களுக்குப் பிடிக்கும் என்று கையெழுத்தே சொல்வதால் இன்னொன்றும் சொல்கிறேன். நம் பகுதி நாடுகளில் மத்திய அலை நிலையங்களின் எண்கள் எல்லாமே ஒன்பதின் மடங்குகள். சென்னை 720, திருச்சி 936, தூத்துக்குடி 1053, திருநெல்வேலி 1197, மதுரை 1269 என எதை எடுத்தாலும் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதோ பதினெட்டோ வரும். 1628-இன் இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு. எண்ணைத் திரையில் காட்டும் டிஜிட்டல் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். கூட்டுத்தொகை ஒத்து வராத இடத்தில் தமிழ்க் குரல் கேட்டால் முதலில் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. முள் காட்டும் எண்ணைவிட 910 கூடுதலாக, அதாவது பெட்டியின் சொந்த அலைக்கும் 455 மேலே, உள்ள அலையும் அதே 455 வித்தியாசத்தைத் தருமாதலால், எல்லைக்கு வெகுதூரம் வெளியே நடப்பது எல்லைக்குள் வந்து கேட்பதுண்டு. கடலில் ஆபத்துக்கால அழைப்புக்கென்று ஒதுக்கப்பட்ட 2182 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 910-ஐக் கழித்தால் 1272. மதுரை வானொலிக்கு அடுத்த வீடு. கப்பல் நிறுத்தத்திற்கு அருகில் மலிவான பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு மதுரையைத் தேடுபவருக்கு, நிலையத்தின் குரலோடு ஒரு கீச்சொலியும் சேர்ந்து கேட்க வாய்ப்பிருக்கிறது.

*மத்திய அலை ஏன் சரியாக 1602-இல் முடிய வேண்டும்? 1600 அல்லது 1700 என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே?*
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மேலூர்

இதற்கு ஒப்பந்தம் ஒரு காரணம், இரும்புச் சாமான் ஒரு காரணம்.

ஒப்பந்தம், 1975-இல் ஜெனீவாவில் ஏற்பட்டது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் நாடுகள் கூடி, மத்திய அலை நிலையங்களை ஒன்பது கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிறுத்துவதென்று முடிவு செய்தன. 1978 நவம்பர் 23-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. முதல் இடம் 531, கடைசி இடம் 1602; நடுவே கணக்கிட்டால் மொத்தம் 120 இடங்கள். நம் நாட்டில் முதல் இடமான 531 ராஜஸ்தானத்து ஜோத்பூருக்குத் தரப்பட்டது. கடைசி இடமான 1602-ஐ வைத்திருந்தது நமக்குப் பக்கத்திலிருக்கும் உதகமண்டலம். ஒரு கிலோவாட் மட்டுமே கொண்ட சிறு நிலையம் அது. காரணமில்லாமல் அப்படி வைக்கவில்லை: 1485, 1584, 1602 ஆகிய மூன்று இடங்களையும் குறைந்த ஆற்றல் கொண்ட உள்ளூர் நிலையங்களுக்கென்றே அந்த மாநாடு ஒதுக்கி வைத்தது. பாலைவனத்தில் தொடங்கி மலை உச்சியில் முடிகிறது நம் மத்திய அலை.

இரும்புச் சாமான் என்று நான் சொன்னது, முள்ளோடு சேர்ந்து சுழன்று நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டன்சரை. தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளிவரும்போது அதன் கொள்திறன் மாறுகிறது. ஆனால் அதிர்வெண் மூன்று மடங்கு உயர வேண்டுமானால் கொள்திறன் ஒன்பது மடங்கு குறைய வேண்டும் என்பது நீங்கள் இந்த ஆண்டு பாடத்தில் படிக்கும் வாய்பாடுதான். 531-க்கும் 1602-க்கும் உள்ள விகிதம் மூன்றுக்குச் சற்று மேல். ஆகவே ஒன்பது மடங்குக்குச் சற்று மேலான மாற்றத்தை அந்தத் தகடுகள் தர வேண்டும். 1700 வரை போக வேண்டுமானால் அது பத்து மடங்கையும் தாண்டிவிடும். சுற்றியுள்ள கம்பிகளின் தேவையற்ற கொள்திறனும் சேர்ந்துகொள்வதால், மலிவான பெட்டியில் அதைச் சாதிப்பது எளிதன்று.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே எல்லை 1941 வரை 1500-இல் இருந்தது. அந்த ஆண்டு 1600-க்கு நகர்ந்தது. அதற்கு அப்பால் காவல்துறையினரின் கம்பியில்லாப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 1930-களில் அங்கே விற்ற பெட்டிகள் சிலவற்றின் எண்பலகையில், கடைசி எண்ணுக்கு அருகே ‘போலீஸ்’ என்றே அச்சிட்டிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்தபடி காவலர்கள் பேசுவதைக் கேட்கலாம் என்பதே விற்பனைத் தந்திரம். 1977-இல், எல்லையின் இரு ஓரங்களுக்கும் சற்று வெளியே 530, 1610 ஆகிய இரண்டு இடங்களில், சாலைப் பயணிகளுக்குச் செய்தி சொல்லும் பத்து வாட் நிலையங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். 1979-இல் நடந்த உலக மாநாடு அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டும் எல்லையை 1705 வரை தள்ளி வைத்தது. புதிய பகுதியில் முதல் நிலையம் 1995-இல்தான் நியூ ஜெர்சி மாநிலத்தின் எலிசபெத் நகரில் 1660 கிலோ ஹெர்ட்ஸில் ஒலித்தது. பதினாறு ஆண்டுகள் ஏன் பிடித்தன என்றால், நிலையம் வைப்பதற்கு முன்பு அதைக் கேட்கும் பெட்டிகள் மக்கள் கையில் இருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். கேட்பாரில்லாத இடத்தில் கடை விரிக்க யார் முன்வருவார்கள்?

மற்ற இடங்களில் எல்லைக்கு வெளியே குடியேறியவர்கள் பலவகையினர். வத்திக்கான் வானொலி 1611-இல் நெடுங்காலம் ஒலித்தது. ஜப்பானில் விரைவுச் சாலைகளின் ஓரத்தில் 1620-இல் போக்குவரத்துச் செய்தி சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1611-லிருந்து 1701 வரை உள்ள இடத்தைச் சிறு பரப்புக்கான நிலையங்களுக்கு விட்டிருக்கிறார்கள். குதிரைப் பந்தயச் செய்தியும் குடியேறியவர்களின் தாய்மொழி நிகழ்ச்சிகளும் அங்கே ஒலிக்கின்றன, இந்திய மொழிகள் உட்பட. நெதர்லாந்தின் கிராமப்புறங்களில் உரிமமே இல்லாமல் 1610-க்கு மேல் பாட்டுப் போடும் வழக்கம் ஒரு பரம்பரைப் பிடிவாதம் போலவே நீடித்தது. நம் நாட்டில் எல்லையை விரிக்கும் தேவை இனி எழாது என்பது என் கருத்து. உள்ளே இருக்கும் 120 இடங்களிலேயே காலி மனைகள் பெருகி வருகின்றன.

*அமெரிக்காவிலிருந்து என் மகன் கொண்டுவந்த டிஜிட்டல் வானொலி 1710 வரை காட்டுகிறது. ஆனால் திருச்சி வானொலி மட்டும் அதில் சரியாகக் கேட்பதே இல்லை. சென்னை நன்றாகக் கேட்கிறது. விலை உயர்ந்த பெட்டிக்கு ஏன் இந்தப் பாரபட்சம்?*
— வாசகர், திருமங்கலம்

அமெரிக்க நிலையங்கள் பத்து பத்தாக நிற்கின்றன. நம் நிலையங்கள் ஒன்பது ஒன்பதாக. உங்கள் பெட்டி பத்துப் பத்தாகவே தாவுகிறது. சென்னையின் 720 இரண்டு வாய்பாட்டிலும் வருவதால் தப்பித்தது. மதுரையின் 1269-க்கு 1270 ஒன்று தள்ளி நிற்பதால் குறை தெரியாது. திருச்சியின் 936-க்கு மிக அருகில் அந்தப் பெட்டி நிற்கக்கூடிய இடம் 940. நான்கு கிலோ ஹெர்ட்ஸ் விலகி நின்று கேட்டால் பேச்சு பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போலத்தான் இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் பின்புறமோ மின்கலம் போடும் அறைக்குள்ளோ 9, 10 என்று குறித்த சிறு மாற்றுவிசை ஒன்று இருக்கும். சிலவற்றில் ஏதேனும் ஒரு பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒன்பதுக்கு மாற்றுங்கள். நினைவில் பதித்து வைத்த நிலையங்கள் அப்போது அழிந்துபோகலாம். அதைச் சுவர் மின்சாரத்தில் நேரடியாக மாட்டும் முன், நம் 230 வோல்ட்டை அது தாங்குமா என்பதையும் மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*எண்பதுகளின் இறுதியில், எங்கள் தெருவில் ஒருவர் வளைகுடாவிலிருந்து கம்பியில்லாத் தொலைபேசி ஒன்று கொண்டுவந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டு வானொலியின் கடைசி ஓரத்தில் யாரோ தொலைபேசியில் பேசுவது கேட்டது. ஒரு பக்கத்துப் பேச்சு மட்டுமே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்காது, அவரோடு பேசுபவர் குரல்தான் கேட்கும். நாங்கள் சொன்னபோது யாரும் நம்பவில்லை.*
— இல்லத்தரசி, அண்ணா நகர், மதுரை

நான் நம்புகிறேன். ஒரு பக்கத்துப் பேச்சுதான் கேட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதே போதுமான சான்று. முதல் தலைமுறைக் கம்பியில்லாத் தொலைபேசிகளில், சுவரோரம் இருக்கும் அடிப்பெட்டி 1600-க்கும் 1800-க்கும் இடைப்பட்ட கிலோ ஹெர்ட்ஸில் ஒலிபரப்பியது. கையில் வைத்துப் பேசும் கருவியோ 49 மெகா ஹெர்ட்ஸ் அளவிலான வேறோர் அலையில் பதில் அனுப்பியது. எதிர்முனையில் பேசியவரின் குரல் அடிப்பெட்டி வழியே வந்ததால் உங்கள் முள்ளுக்கு எட்டியது. அண்டை வீட்டுக்காரர் பேசியது எட்டாத உயரத்தில் போய்விட்டது.

அது உங்கள் வீடு வரை வந்த வழியும் சுவையானது. அந்த அடிப்பெட்டிகள் பல, தமக்கென்று நீண்ட ஏரியல் வைத்துக்கொள்ளாமல் வீட்டு மின்கம்பியையே ஏரியலாகப் பயன்படுத்தின. ஒரே கம்பத்திலிருந்து இணைப்பு எடுத்த வீடுகளுக்கெல்லாம் பேச்சு கம்பி வழியாகவே விநியோகமாயிற்று. அதில் குரலை ஏற்றிய முறை பண்பலை முறை. மத்திய அலைப் பெட்டி அதை நேராகப் புரிந்துகொள்ளாது. முள்ளைச் சரியான இடத்திற்குச் சற்று முன்னோ பின்னோ வைத்தால் மட்டும் குரல் திரளும். அந்த இடத்தை நீங்கள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்றால், முள்ளைத் திருப்புவதில் உங்கள் வீட்டில் யாருக்கோ நல்ல பொறுமை இருந்திருக்கிறது.

*530-க்குக் கீழே என்ன இருக்கிறது?*
— வாசகர், மானாமதுரை

ஒலிபரப்பு நிலையங்களுக்கு அங்கே இடமில்லை. 518-இல் கப்பல்களுக்கு வானிலை எச்சரிக்கையும் ஆபத்துச் செய்தியும் எழுத்து வடிவில் போகின்றன. 500 என்பது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் கடலில் தவிப்பவர்களின் மோர்ஸ் அழைப்புக்கென்று காக்கப்பட்ட இடம். ஒவ்வொரு மணியிலும் 15-லிருந்து 18 வரையும் 45-லிருந்து 48 வரையுமான மும்மூன்று நிமிடங்கள், மெலிந்த ஆபத்தொலி ஏதேனும் கேட்கிறதா என்று எல்லாக் கப்பல்களும் வாய்மூடிக் காத்திருந்தன; கப்பலின் கம்பியில்லா அறைக் கடிகாரத்தில் அந்த நிமிடங்களைச் சிவப்பு வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள். அதற்கும் கீழே 455 வந்துவிடுகிறது. முதல் பதிலில் சொன்ன காவலர்களை நினைத்துப் பாருங்கள்: அந்த எண்ணில் யாராவது வலுவாக ஒலிபரப்பினால், முள் எங்கே இருந்தாலும் ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளிலும் அந்த ஒரே நிலையம் நுழைந்துவிடும்.

*அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 1610-இல் பத்து வாட் நிலையங்கள் இருப்பதாக அறிகிறேன். தை மூன்றாம் நாள் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டுக்கு வரும் கூட்டத்திற்கு, வண்டி நிறுத்தும் இடம், மருத்துவ உதவி ஆகியவற்றைச் சொல்ல 1620-இல் அப்படியொரு சிறு ஒலிபரப்பை ஊர்க் குழுவே நடத்தலாமா? மின்னணுவியல் படித்த பையன்கள் செய்து தருகிறோம் என்கிறார்கள்.*
— ஊர்க் குழு உறுப்பினர், அலங்காநல்லூர்

செய்து தருவார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. நானும் கல்லூரி நாட்களில், டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் உதிரிப் பாகங்கள் வாங்கி, ஒற்றை டிரான்சிஸ்டரில் அப்படியொன்று செய்து, அடுத்த அறை நண்பனின் பெட்டியில் என் குரல் கேட்டதும் துள்ளியிருக்கிறேன். அது சட்டப்படி குற்றம் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்ன பிறகே பிரித்துப் போட்டேன். 1885, 1933 ஆண்டுகளின் சட்டங்கள் அன்று தடுத்தன. அவற்றின் இடத்தில் வந்த 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழும் உரிமம் இல்லாமல் ஒலிபரப்ப முடியாது. மத்திய அலையில் ஒலிபரப்பும் உரிமையைத் தனியாருக்கோ ஊர்க் குழுவுக்கோ நம் நாட்டில் கொடுப்பதில்லை. எல்லைக்கு வெளியே 1620 என்றால் அந்த இடம் ஒலிபரப்புக்கே உரியதன்று. ‘வெளியே இருப்பதால் யாருக்கும் தொல்லையில்லை’ என்று பையன்கள் வாதிடலாம். எல்லைக்கு வெளியே இருப்பது வெற்றிடமன்று, வேறொருவரின் வேலைக்கென்று ஒதுக்கியது.

சட்டம் ஒருபுறம் இருக்க, பொறியியலும் உங்களுக்குத் துணை வராது. 1620 கிலோ ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 185 மீட்டர். அதில் கால்பங்கு உயரமாவது ஏரியல் இருந்தால்தான் ஆற்றல் வீணாகாமல் வெளியே போகும். அது 46 மீட்டர். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் ஐம்பது மீட்டருக்குச் சற்று மேல் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குட்டையான கம்பத்தை வைத்தால் பத்து வாட்டில் பெரும்பகுதி தரையைச் சூடாக்கவே செலவாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறவர்களின் கைபேசியில் மத்திய அலையே கிடையாது. காரில் உள்ள பெட்டியும் பெரும்பாலும் 1602-ஐத் தாண்டாது.

உங்கள் நோக்கத்திற்கு ஏற்ற வழி சமுதாய வானொலி. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2006-ஆம் ஆண்டின் நெறிமுறைகள், கல்வி நிறுவனங்களோடு தொண்டு அமைப்புகளும் பண்பலையில் சமுதாய வானொலி நடத்த இடங்கொடுத்தன. வழக்கமான ஆற்றல் வரம்பு 100 வாட். ஏரியல் முப்பது மீட்டர் வரை. அலங்காநல்லூரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் அது நன்றாகவே எட்டும். ஆனால் பதிவு செய்து சில ஆண்டுகளேனும் இயங்கிவரும் அமைப்புதான் விண்ணப்பிக்க முடியும். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி கைக்கு வருவதற்கும் நாளாகும். வருகிற தைக்குள் முடிகிற காரியமன்று. அதுவரை வாடிவாசலுக்கு வரும் சாலைகளில் ஒலிபெருக்கிகளை நல்ல இடைவெளியில் கட்டுங்கள்.